மதகில் நிற்காத பெரிய டிரம்

எனக்கு எழுபத்தாறு வயது. வயிற்றில் சுமந்தது ஐந்து, வளர்த்தது ஏழு. மற்ற இரண்டும் செத்துப்போன என் நாத்தனாரின் பிள்ளைகள். ஏழும் உயிரோடிருக்கின்றன, ஏழில் ஒன்றுகூட யார் வீட்டு வாசலிலும் கைகட்டி நின்றதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமை பாவம் என்று எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு பிரசங்கமாவது வரும். அன்றைக்கு நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கிவிடுவேன்.

போன புதன்கிழமை எங்கள் புது ஐயர் வீட்டுக்கு வந்தார். இப்போதுள்ள பிள்ளைகள் பாஸ்டர் என்கிறார்கள், எங்களுக்கு ஐயர்தான். சபையின் பேண்டு செட்டைப் பற்றி ஒரு மலர் அச்சடிக்கப் போகிறார்களாம், அதற்கு என் வீட்டுக்காரரின் போட்டோ வேண்டுமாம். சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். சிவப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான், வயிற்றுக்கு முன்னால் பெரிய டிரம். டிரம்முக்கு மேலே தலை மட்டும் தெரியும். அவர் போய்ச் சேர்ந்து பதினாலு வருஷம் ஆகிறது.

ஐயர் போட்டோவைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு அதே செல்போனைப் பார்த்து, மலரில் அவரைப் பற்றி எழுதியிருப்பதை எனக்குப் படித்துக் காட்டினார். குருத்தோலை ஞாயிறு அன்று ஊர்த்தெருவுக்குள் முதன்முதலாக டிரம் அடித்துக்கொண்டு போனவர் இவர்தான் என்று இருந்தது. அது சரி. அதற்காக லெந்து காலம் நாற்பது நாளும் உபவாசம் இருந்து, முழங்காலில் நின்று, ஆண்டவரிடம் உத்தரவு பெற்று, பேண்டு மாஸ்டரின் விசிலை வேண்டுமென்றே மதிக்காமல் அடித்தார் என்றும் இருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உபவாசமா. அன்றைக்குக் காலையில் அவர் ஆறு இட்லி தின்றார். சுட்டுப் போட்டவள் நான். ஏழாவதுக்குக் கையை நீட்டினார். பிள்ளைகளுக்கு வேண்டும் என்று தட்டை நகர்த்தி வைத்தேன்.

"இத்த அப்பிடியேவா அச்சுல போடப்போறீங்க அய்யரே" என்று கேட்டேன்.

"ஆமாம்மா. வாலிபப் பிள்ளைங்களுக்கு ஒரு சாட்சியா இருக்கும்."

அவர் டீயைக் குடித்து, ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார். நான் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறார். இன்னொருத்தி நான், இப்போது உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பொத்தான்களைப் பார்த்தாலே எனக்குப் புளி வாசனை அடிக்கும். பேண்டுக்காரர்களின் பித்தளையெல்லாம் பெண்கள் பாடுதான். பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை பழைய புளியும் அடுப்புச் சாம்பலும் எடுத்துக்கொண்டு கோயில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவோம். டிரம்பெட், யூபோனியம், பொத்தான், பெல்ட்டு வளையம் எல்லாம் முகம் பார்க்கிற மாதிரி மின்னவேண்டும். அன்றைக்கு எங்கள் காலனியில் ஒரு வீட்டிலும் புளிக்குழம்பு கிடையாது. கும்மிடிப்பூண்டியிலிருந்து யாராவது விருந்தாளி வந்து மாட்டிக்கொண்டால் மோரை ஊற்றித்தான் அனுப்புவோம்.

பித்தளையை ஊதுவதற்கு ஆண்கள் அடித்துக்கொள்வார்கள். பெரிய டிரம்மைத் தொடத்தான் ஆரம்பத்தில் ஆள் இல்லை. காரணம் சொல்கிறேன். எங்கள் பாட்டன் பூட்டன்மார் ஊர்க்காரர் வீட்டுச் சாவுக்குப் பறை அடித்தவர்கள். சபையில் சேர்ந்ததும் முதலில் விட்டது அதைத்தான். இனி எவன் பிணத்துக்கு முன்னாலும் தோலைத் தொடமாட்டோம் என்று சத்தியம் பண்ணியிருந்தார்கள். அப்புறம் வெள்ளைக்கார ஐயர் கப்பலில் வாத்தியங்களை வரவழைத்தார். பெட்டியைத் திறந்தால் நட்டநடுவில் பெரிய டிரம், இரண்டு பக்கமும் தோலோடு உட்கார்ந்திருக்கிறது. எல்லாரும் இரண்டடி பின்வாங்கினார்களாம். எதை விட்டுவிட்டு இங்கே வந்தோமோ அது நமக்கு முன்னால் கப்பலேறி வந்திருக்கிறதே என்று. கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் என் மாமனார் பேர் வந்தது. அழுதுகொண்டே தோளில் மாட்டினார் என்று என் மாமியார் சொல்லுவாள். அவருக்கப்புறம் அவர் பிள்ளை.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் பேண்டு மாஸ்டர் சற்குணம் என்னைப் பார்த்து, "எல்லாரும் தோல உட்டோம். உன் மாமியா வூட்ட மட்டும் தோலு உடலமே" என்று கேலி பேசினார். புதுப்பெண், தலையைக் குனிந்துகொண்டேன். பத்து வருஷம் கழித்துத்தான் பதில் சொன்னேன்: "அந்தத் தோலு நின்னாத்தான மாஸ்டரே உங்க பித்தாள நிக்கும்." அவர் சிரித்துவிட்டார், ஏனென்றால் அது நிஜம். பேண்டில் சட்டமே அதுதான். எவன் மறந்தாலும் எவன் தப்பினாலும் பெரிய டிரம் அடிக்கிறவரைக்கும் கால் நடக்கவேண்டும், வாய் ஊதவேண்டும். மாஸ்டர் பிரம்பால் கெண்டைக்காலில் போட்டுப் போட்டுப் பழக்கிவைத்திருந்தார்.

இப்போது மதகைச் சொல்லவேண்டும். எங்கள் காலனியிலிருந்து ஜி.என்.டி. மெயின் ரோட்டுக்குப் போக ஊர்த்தெரு ஒன்றுதான் வழி. இரண்டு பக்கமும் உயரமான சுவர் வைத்த ஓட்டு வீடுகள், மொத்தம் பதினொன்று. தெரு தொடங்குகிற இடத்தில் ஏரிக்கால்வாய் மதகு. பவனி மதகுக்கு வந்ததும் மாஸ்டர் இரண்டு விசில் ஊதிக் கையைத் தூக்குவார். பெரிய டிரம் இரண்டு குத்து குத்திவிட்டு நிற்கும். உடனே எல்லாம் நின்றுவிடும். பேண்டுக்காரர்கள் வெள்ளைக் கான்வாஸ் ஷூவைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்கள். ஓலையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, தெருவைச் சத்தமில்லாமல் கடந்து, ரோட்டுக்கு வந்து ஷூவைப் போட்டுக்கொண்டு மறுபடியும் தொடங்குவோம். அங்கே மற்ற சபைக்காரர்கள் காத்திருப்பார்கள். எங்கள் ஆண்களின் காலில் மட்டும் புழுதி இருக்கும். அதை யாரும் கேட்கமாட்டார்கள், நாங்களும் சொல்லமாட்டோம்.

என் வீட்டுக்காரர் சிப்காட்டில் கம்பி இழுக்கிற மில்லில் வேலை செய்தார். பழுக்கக் காய்ந்த கம்பி பாம்பு மாதிரி ஓடிவரும், இடுக்கியால் பிடித்துத் திருப்பவேண்டும். அங்கே இருக்கிற இரைச்சலுக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். பஞ்சால் என்ன ஆகும். ஐந்தாறு வருஷத்தில் இடது காது போயிற்று. டிரம் நிற்காத அந்த வருஷம் தை மாதத்தில் வலதும் போயிற்று. காது போனவனை மில்லில் வைக்கமாட்டார்கள். பின்னாலிருந்து எச்சரித்துக் கத்தினால் கேட்கவேண்டுமே. அதனால் மறைத்தோம். பேசுகிறவர் வாயைப் பார்த்துத் தலையாட்டுவார். பார்க்காதபோது கூப்பிட்டால் திரும்பமாட்டார். தாவீதுக்குத் தலைக்கனம் என்று காலனியில் பேச்சு. இருக்கட்டும் என்று விட்டேன்.

வீட்டில் தன் குரல் தனக்குக் கேட்காமல் கத்திப் பேசுவார். ரகசியம் எல்லாம் தெருவுக்குப் போகும். அதனால் எங்களுக்குள் ஒரு சைகை வைத்துக்கொண்டோம். நான் நெஞ்சில் கையை வைத்தால் அவர் நிறுத்திவிடவேண்டும்.

"டிரம்மு எப்பிடி அடிப்ப" என்று பயந்துபோய்க் கேட்டேன்.

"அது காதால கேக்கறதில்லமே. வவுத்தால கேக்கறது" என்றார்.

விசில்? அதற்கு மாஸ்டர் தூக்குகிற கை இருக்கிறது, பார்த்துக்கொள்வேன் என்றார். சரிதான் என்று நானும் இருந்துவிட்டேன். குருத்தோலை ஞாயிறு அன்று எல்லார் கையிலும் ஓலை இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

அன்றைக்குக் கூட்டம் அதிகம். பிள்ளைகள் மாஸ்டரைச் சுற்றிக்கொண்டு ஓசன்னா ஓசன்னா என்று கத்தி ஓலையை ஆட்டினார்கள். அவர் தலைகூடத் தெரியவில்லை. பேண்டின் கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர், அவருக்குப் பத்தடி பின்னால் பெண்களோடு நான். மதகு வந்தது. இரண்டு விசில் கேட்டது. டிரம் நிற்கவில்லை.

யூபோனியம் ஒரு மூச்சுத் தடுமாறிவிட்டு மறுபடியும் ஊதியது. கிளாரினெட்காரன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வாசித்தான். ஓலைகள் ஒரு நொடி விலகியபோது, மாஸ்டர் பின்பக்கமாக நடந்தபடி எங்களைப் பார்ப்பது தெரிந்தது. முகத்தில் ரத்தம் இல்லை. அவர் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்திருக்கலாம். ஏன் பிடிக்கவில்லை என்று நான் அவரைக் கேட்டதில்லை. என்னை நானே கேட்டுக்கொள்ளத்தான் நேரம் போதவில்லை. பத்தடி தூரம். நாலு எட்டு வைத்து அவர் முதுகைத் தொட்டால் முடிந்தது.

ஆண்கள் வரிசைக்குள் பெண்பிள்ளை நுழைவதா என்ற கூச்சம் முதலில். காது போனது எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்ற பயம் அடுத்து. இரண்டையும் சொல்லிவிட்டேன். மூன்றாவது ஒன்று உண்டு, அதைத்தான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் காலனி வெட்டவெளி. அங்கே அடித்தால் சத்தம் வயலோடு போய்விடும். இந்தத் தெருவில் இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர். எங்கள் டிரம் ஒரு குத்துக் குத்தினால் சுவர் இன்னொரு குத்து குத்தித் திருப்பிக் கொடுத்தது. ஓட்டிலிருந்து புறாக்கள் கிளம்பின. ஒரு டிரம் இரண்டாகக் கேட்டது. நம் வீட்டுச் சாமானுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறதா என்று எனக்கு மலைப்பு. இன்னும் கொஞ்சம் கேட்கவேண்டும் போலிருந்தது.

மூன்றாவது வீட்டு வாசலில் லேபர் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். சிப்காட்டுக்கு ஆள் அனுப்புகிறவர், என் வீட்டுக்காரரையும் மில்லில் சேர்த்துவிட்டவர். சவரத்தில் இருந்தவர் அப்படியே எழுந்து வந்திருக்கிறார்; பாதி முகத்தில் சோப்பு நுரை, கையில் கத்தி. வாய் திறந்தபடி இருந்தது. அந்த இடத்தில் என் வீட்டுக்காரர் தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். மறுபடியும் முன்னால் திரும்பிக்கொண்டார். டிரம் போய்க்கொண்டே இருந்தது, ஷூக்கால் பதினொரு வீட்டையும் தாண்டி, ரோடு வரைக்கும்.

திங்கட்கிழமை காலையில் மில் வேன் மதகருகே நின்றது. ஆண்கள் சாப்பாட்டுத் தூக்குடன் போனார்கள். நான் பின்னாலேயே போனேன். என் வீட்டுக்காரர் தூக்கு என் கையில். மேஸ்திரி வேனுக்குக் குறுக்கே நின்றார். முதலில் மாஸ்டரைத்தான் கேட்டார். சற்குணம் கையைக் கட்டிக்கொண்டு, இரண்டு தடவை விசில் ஊதினேன், டிரம்தான் நிற்கவில்லை என்று சொல்லிவிட்டார். பொய்யில்லை. ஆனாலும் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மேஸ்திரி என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். நல்ல வேலைக்காரனை விட அவருக்கும் மனசில்லை.

"அந்த கூச்சல்ல விசிலு காதுல உழுந்திருக்காது. உழலன்னு சொல்லு. பதினோரு வூட்லயும் ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுக்கினு வேன்ல ஏறு. ஊர்ல நான் பேசிக்கறேன்."

எனக்கு மூச்சே திரும்பி வந்த மாதிரி இருந்தது. விழவில்லை என்பது சத்தியமான வார்த்தை. உண்மையைச் சொன்னால் சோறு நிலைக்கிற சமயம் ஏழைக்கு எப்போதாவதுதான் வாய்க்கும். வீட்டில் ஏழு பிள்ளைகள், மூத்ததுக்குப் பதினொரு வயது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசுக்குள் ஜெபம் பண்ணினேன். அவர் மேஸ்திரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உழுந்துச்சிங்க" என்றார். வழக்கம்போலக் கத்தி. மதகுக்கு இந்தப்பக்கம் இருந்தவர்களுக்கும் அந்தப்பக்கம் இருந்தவர்களுக்கும் கேட்டது.

"உழுந்துமா அடிச்ச?"

"உழுந்துதான் அடிச்சேன்."

மேஸ்திரி அறைந்தார், காதோடு சேர்த்து. வேன் கிளம்பிவிட்டது. மில்லுக்கு ஆள் வேண்டுமே, மற்றவர்கள் ஏறிக்கொண்டார்கள். சற்குணமும் ஏறினார். ஜன்னலில் ஒரு முகமும் எங்களைப் பார்க்கவில்லை. ஊர்க்கடையில் எங்கள் காலனிக்குச் சாமான் கிடையாது என்று இரண்டு மாதம் நிறுத்திவைத்தார்கள். அதற்கு எங்கள் ஆட்களே என் வீட்டுக்கு வந்து, "உம் புருசனால எல்லாருக்கும் பேஜாரு" என்று சொன்னதும் உண்டு. அதே ஆட்கள்தான் வருஷம் போகப்போக அவரை வீரன் ஆக்கினார்கள். உபவாசம் அவர்கள் பிள்ளைகள் சேர்த்தது.

நான் சும்மா இருக்கவில்லை. அந்தத் திங்கட்கிழமை மத்தியானமே வீட்டில் சண்டை பிடித்தேன். ஏழு வாய்க்கு என்ன பதில் என்று கையாலும் வாயாலும் கேட்டேன். தெருவுக்குள் போய்விட்டோம் என்று எப்போது தெரிந்தது என்று கேட்டேன். அவர் மூன்று விரலைக் காட்டினார்.

"மூணாவது வூடு. மேஸ்திரி மூஞ்சில சோப்பு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அறை வாங்கின கன்னம் வீங்கியிருந்தது.

"அப்பவே நிறுத்தறதுதான?"

"உன்னப் பாத்தேனே. நீ நெஞ்சுல கைய வெக்கலியே."

அந்த வார்த்தையில் எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சி, மேஸ்திரி அறைந்தபோதுகூட இல்லை. அந்தப் பார்வையை நான் சும்மா பார்த்தது என்று நினைத்திருந்தேன். அவர் என்னிடம் கேட்டிருக்கிறார். நடுத்தெருவில், ஊரே பார்க்க, ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். நான் ஓலையைப் பிடித்துக்கொண்டு, சுவர் சத்தத்தில் மயங்கி, பதில் சொல்லாமலே பதில் சொல்லியிருக்கிறேன். முதல் இரண்டு வீட்டைத் தாண்டினது ஓலை மறைத்ததால். மீதி ஒன்பதும் என்னால். இதை எந்த மலரில் போடுவார்கள்.

அப்புறம் அவர் மில்லுக்குப் போகவில்லை. அத்திப்பட்டுப் பக்கம் கரி இறக்கினார். கரிக்குக் காது தேவையில்லை. நான் எளாவூர் செக்போஸ்டில் வரிசையில் நிற்கிற லாரிக்காரர்களுக்கு நாஷ்டா விற்றேன். விடிய விடிய இட்லி ஊற்றி ஏழையும் ஆளாக்கினேன். கஷ்டத்தை விரிக்கமாட்டேன், எல்லா வீட்டிலும் இருந்ததுதான்.

மறு வருஷம் குருத்தோலை ஞாயிற்றுக்குச் சற்குணம் மாஸ்டர் விசில் இல்லாமல் வந்தார். கேட்டதற்குத் தொலைந்துபோயிற்று என்றார். முந்தின நாள் தேய்க்கப் பித்தளை வாங்கப் போனபோது அவர் வீட்டு ஆணியில் அது தொங்கினதை நானே பார்த்தேன். ஊதினால்தானே நிற்கவேண்டும். இரண்டு போலீஸ்காரர்கள் மதகில் நின்றார்கள், தெருவில் கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள், நாங்கள் ஷூவோடு போனோம். அதற்கப்புறம் எங்கள் பெண்ணைக் கேட்டு வருகிறவர்கள் எந்த ஊர் என்று கேட்டால், மதகில் நிற்காத பேண்டுக்காரர் ஊர் என்று தலை நிமிர்ந்து சொன்னோம். நானும் சொன்னேன்.

இந்த வருஷமும் பவனிக்குப் போனேன். மூட்டு வலி, மதகு வரைக்கும் ஆட்டோ. இறங்கிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஊர்க்காரர்கள் நிலத்தைக் கம்பெனிகளுக்கு விற்றுவிட்டு மெட்ராஸ் பக்கம் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இப்படி என்று நினைக்கவில்லை. பதினொரு வீட்டில் எட்டை இடித்துவிட்டார்கள். அந்த இடம் முழுக்க வெறும் முள்கம்பி வேலி, உள்ளே கன்டெய்னர் லாரிகள். மேஸ்திரி வீடு இருந்த இடத்தில் எடைமேடை. மிச்சமிருந்த மூன்று வீட்டில் ஒரிசாப் பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒருவன் கொடியில் துணி போட்டுக்கொண்டே எங்களைப் பார்த்துச் சிரித்தான். சற்குணத்தின் பேரன்தான் இப்போது பெரிய டிரம். நல்ல கை. பலமாகத்தான் அடித்தான். நான் கையைக் காதருகில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு குத்து போனது. திரும்பி வரவில்லை. அடுத்த குத்தும் வயலோடு போயிற்று. வெட்டவெளியில் அடித்த மாதிரி ஒரே டிரம், ஒரே சத்தம். வேண்டாம் என்று சொல்ல அங்கே ஆளில்லை, திருப்பிக் கொடுக்கச் சுவரும் இல்லை. அந்தச் சுவர்களை நான் நேசித்தேன் என்று சொன்னால் என் மாமியார் கல்லறையிலிருந்து எழுந்து வந்து அடிப்பாள். ஆனால் அந்த இரட்டைச் சத்தத்துக்குக் காத்து நின்றவள் அங்கே நான் மட்டும்தான். அன்றைக்கு அடித்தவருக்கோ அது கேட்கவே இல்லை.

போதும் மெர்சி, பேனாவ மூடு. இவ்ளோ நேரம் சொன்னத அப்பிடியே எழுதுனியா, உம் பாட்டனுக்கு நல்ல பேரு வரட்டும்னு எங்கனா மாத்திக்கினியா, எனுக்குத் தெரியணும். அய்யரு கையில குடுக்கறதா வேணாமான்னு அப்பால சொல்றேன். மொதல்லேர்ந்து படி. நான் கைய காட்ற வரிக்கும் நிறுத்தாத.